25 எழுத்துகள் குறைந்த இதயம்

2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இதய மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. இந்தியர்களில் 100-க்கு ஏறத்தாழ 4 பேர், இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய ஒரே மாதிரியான மரபணுக் குறையோடு பிறக்கிறார்கள் என்றது அது. அன்றைய மக்கள்தொகைக்கே நாலு கோடிப் பேருக்கு மேல்! ஆய்வை நடத்தியவர் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ். கட்டுரையின் முதல் ஆசிரியர் தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை அமெரிக்காவில் ஆராய்ந்துவந்த சக்திவேல் சடையப்பனும் கைகோத்திருந்தார்.

அது என்ன புரதம்?

இதயத் தசைக்குள் மயோசின், ஆக்டின் என்று இரண்டு வகை இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது. அதுவே நம் இதயத்துடிப்பு. எல்லாத் தலைகளும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால் இதயம் ஓய்வெடுக்க முடியாது, ரத்தம் நிரம்பவும் நேரமிருக்காது. ஆகவே, பிரேக் போட ஒரு புரதம் வேண்டியிருக்கிறது. மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி என்ற அதை உருவாக்கும் மரபணு 11-ஆவது குரோமோசோமில் உள்ளது. 'எம்.ஒய்.பி.பி.சி.3' என்பது அதன் பெயர்.

குறை இருக்கும் இடம்தான் வியப்பானது. மரபணுவில் புரதத்துக்கான செய்தி துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். இடையில் வரும் பகுதிகளை செல் வெட்டி நீக்கிவிட்டு, தேவையான துண்டுகளை மட்டும் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வின் 25 எழுத்துகள் காணாமல் போயிருப்பது, அப்படி வெட்டி நீக்கப்படும் ஒரு பகுதியில்! போகிற பகுதியில் குறைந்தால் என்ன நஷ்டம் என்று தோன்றும். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கான அடையாளம் அந்த 25 எழுத்துகளைச் சார்ந்திருக்கிறது. அது இல்லாமல் செல் தடுமாறி, பக்கத்தில் இருக்கும் தேவையான துண்டையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. விளைவு, புரதத்தின் வால்நுனி உருமாறிவிடுகிறது. மயோசின் இழையில் புரதம் ஊன்றி நிற்பதே அந்த நுனியால்தான். எலிக்குட்டிகளின் இதயச் செல்களுக்குள் இரண்டு வகைப் புரதத்தையும் உருவாகச் செய்து பார்த்தார்கள். சரியான புரதம் வரிவரியாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. குறையுள்ளது இருந்த இடத்தில் வரிகளே குலைந்துபோயின.

இதயத் தசை நோயாளிகளைச் சோதித்ததோடு நிறுத்தாமல், இந்தியா முழுவதும் 107 சமூகங்களைச் சேர்ந்த 6,273 பேரின் டி.என்.ஏ.வையும் சோதித்தார்கள். இந்தக் குறை தோன்றி சுமார் 33,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. இவ்வளவு காலம் இது அழியாமல் தொடர்ந்ததற்குக் காரணம் எளிது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டித்தான் நோய் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, குறையும் கைமாறிவிடுகிறது.

'நாலு கோடிப் பேருக்கு ஆபத்து' என்பது செய்தியாகப் பரவிய அளவுக்கு, பின்னால் வந்த ஆய்வுகள் பரவவில்லை. என் பார்வையில் அவைதான் இன்னும் முக்கியமானவை. 25 எழுத்துகள் இல்லாத பலர் கடைசிவரை நலமாகவே வாழ்கிறார்கள், அது ஏன்? 2018-இல் சடையப்பன் குழு அமெரிக்காவில் வாழும் தெற்காசிய வம்சாவளியினர் 2,401 பேரைச் சோதித்தது. 6 சதவீதம் பேரிடம் குறை இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது; அப்படிப்பட்டவர்களின் இதயம் அளவுக்கு மீறி வேகமாகச் சுருங்கியது எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நோயின் ஆபத்தில் பெரும்பகுதிக்குக் காரணம், இந்தக் குறையோடு சிலருக்கு மட்டும் சேர்ந்து வரும் வேறொரு எழுத்துப் பிழையே என்று காட்டியது. அதாவது, 25 எழுத்துகள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் இதய நோயாளி என்று முத்திரை குத்த முடியாது. காசு வாங்கிக்கொண்டு மரபணு அறிக்கை தரும் எவரும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூலக்கூறு ஆய்வு மருந்தாகவும் மாறியிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதயத் தசை தடிக்கும் நோயால் தலைமுறை தலைமுறையாக இளவயது மரணங்களைச் சந்தித்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, 1990-இல் மயோசின் மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டறிந்தது ஹார்வர்டின் சைட்மன் தம்பதியர் குழு. அந்த வழியில் நடந்த ஆய்வுகளின் பலனாக வந்த மேவகாம்டன், மயோசின் தலைகளின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை. தசை தடித்து ரத்தப் பாதை அடைபடும் நோயாளிகளுக்காக, அமெரிக்கா 2022-இல் அதை அனுமதித்தது.

இதயத் தசைத் தடிப்பு நோய் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலோ, இளவயதில் ஒருவர் திடீரென்று இறந்திருந்தாலோ, பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரு இதய மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுச் சோதனை தேவையா என்பதை அதன்பிறகு அவரோடு பேசி முடிவு செய்யலாம்.