கையில் இல்லாத பைசா, கூலியில் இருக்கிறது

சனிக்கிழமை மாலை, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பள நேரம். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் வாரக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பீஸுக்கு இத்தனை ரூபாய், இத்தனை பைசா. பல்லடம் விசைத்தறிகளிலும் நெசவுக் கூலி மீட்டருக்கு இப்படித்தான். ஆனால், அந்தப் பைசா நாணயம் இப்போது யார் கையிலும் இல்லை.

ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி என்றிருந்த பழைய கணக்கு 1957 ஏப்ரல் 1-ல் மாறி, 100 'நயா பைசா' வந்தது. 1964-ல் 'நயா' போய் வெறும் பைசாவானது. சதுர 5 பைசா, விளிம்பு வளைந்த 10 பைசா, அறுகோண 20 பைசா என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எழுத்தறியாதவரும் தடவியே சொல்லிவிடுவார். 25 பைசாவை 'நாலணா' என்றே அழைத்தார்கள். 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும், கடைக்காரர்தான் வாங்குவதில்லை.

கூலியில் மட்டும் பைசாவுக்கு மதிப்புக் குறையவில்லை. பீஸுக்கு 10 பைசா கூடினால், தினம் 500 பீஸ் தைப்பவருக்கு ஆறு நாளில் 300 ரூபாய் கூடும். கூலிப் பேச்சுவார்த்தையில் பைசாவுக்காக மல்லுக்கட்டுவது அதனால்தான்.