லாச்சப்பல் பிள்ளைகளின் காதல் கதையை யார் எழுதுவது?

பாரிஸ் மெட்ரோவின் 2ஆம் தடத்தில் லாச்சப்பலுக்கு அடுத்த நிறுத்தம் ஸ்டாலின்கிராட். ரயில் அங்கே தரைக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. லாச்சப்பல் பக்கம் நம் தமிழ்ச் சனம்: ஃபோபூர் சந்தெனி தெருவில் புடவைக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டி வாசனை, பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஸ்டாலின்கிராட்டில் இறங்கினால், லெதூ என்ற கட்டடக் கலைஞர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வட்டமான சுங்கச்சாவடியும், அதற்குப் பின்னால் வில்லெத் நீர்த்தேக்கமும். நீரின் இரு கரையிலும் சினிமா.

பதினேழு வயதுத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த ஒரு நிறுத்தம் நெடுந்தூரம். லாச்சப்பலில் அப்பாவின் சிநேகிதர் யாராவது எதிரே வருவார். அவள் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிடும். நீர்த்தேக்கக் கரையில் அவளை யாருக்கும் தெரியாது.

இந்த வயதுப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் காதல் கதைகளில் ஒரு நாயகி திரும்பத் திரும்ப வருகிறாள். முதல் வரிசை மாணவி, சொல் தட்டாதவள், எதையும் திட்டமிட்டே செய்பவள். அடங்காத பையன் ஒருவன் குறுக்கிட, அவள் கட்டு அவிழ்கிறது. அமெரிக்கரான அன்னா டாட் 2013இல் வாட்பேட் இணையத்தளத்தில் எழுதத் தொடங்கிய 'ஆஃப்டர்' இந்த அச்சில் வார்த்த கதைதான். பிரான்சிலும் அது பெருவாரியாக விற்றது. 2021இல் பதினெட்டு வயதானோர் எல்லோருக்கும் பிரெஞ்சு அரசு 'பாஸ் கல்ச்சர்' என்று 300 யூரோ கொடுக்கத் தொடங்கியபோது, பிள்ளைகள் அதில் ஏராளமாகப் புத்தகங்களையே வாங்கினார்கள்.

பிள்ளைகள் வாசிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாயகியின் ஒழுங்கு வேறு, நம் பிள்ளையின் ஒழுங்கு வேறு. நம் வீடுகளில் பத்து வயதிலேயே பெண்பிள்ளையின் கையில் அரசாங்கக் கடித உறையைக் கொடுத்து, 'என்ன எழுதியிருக்கிறான், வாசி பிள்ளை' என்கிறோம். குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்துக்கு விண்ணப்பம் நிரப்புவதும், வதிவிட அனுமதி தரும் பிரெஃபெக்தூரில் அம்மாவுக்காகப் பேசுவதும் அவள்தான். மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்று, மூலப் பிரதி, நகல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கோப்பில் அடுக்குகிறாள். ஒரு தாள் குறைந்தால் குடும்பத்தின் விசாவே இழுபடும் என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டவள் விதி தவறாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? அது சுபாவமல்ல, பொறுப்பு. 'கொஞ்சம் இறுக்கத்தைத் தளர்த்து' என்று மோட்டார் சைக்கிளில் வரும் பையன் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமையில் பாதியை வீடு இறக்கி வைத்தாலே போதும்.

நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சமேனும் கிட்டத்தில் வந்தது 2020இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர். மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கியது. தமிழ்க் குடும்பத்துத் தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவின் மிசிசாகாவில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்; ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் அவரை எடுத்தார்கள். எல்லோரும் தேவியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா கமலாதான் முக்கியம். கல்டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி, வீட்டார் பார்த்த வரனுக்குத் தலையாட்டுபவள். ஆய்வுக்கூடத்தில் அவள் உழைப்புக்குரிய பெயரைக் கட்டுரையில் விட்டுவிடுகிறார்கள். பெரிதுபடுத்தாதே என்கிறான் வரன். அவள் அதற்கு ஒப்பவில்லை. அவளுடைய விடுதலை முத்தத்தில் தொடங்காமல் தன் பெயரைக் கேட்பதில் தொடங்குகிறது. நிலைத்த காதல் அதற்குப் பிறகு வருகிறது. அந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

பாரிஸ் தமிழருக்கு அப்படி ஒரு கதை இன்னும் வேண்டியிருக்கிறது. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்', லாரன்ஸ் வலன் 2024இல் இயக்கிய 'லிட்டில் ஜாஃப்னா' இரண்டிலும் இலங்கைப் போர் பின்தொடர்ந்து வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் போருக்குப் பின் இங்கே பிறந்து, சனிக்கிழமை பரதநாட்டியமும் திங்கட்கிழமை கணிதத் தேர்வுமாக ஓடும் பெண்ணின் மனசு அந்தக் கதைகளில் ஓரத்தில்தான் நிற்கிறது.

எழுதுகிறவர்கள் ஒன்றைத் தயங்காமல் எழுத வேண்டும். பார்ட்டிக்குப் போகாதே, இருட்டமுன் வீட்டுக்கு வா என்பவை சின்ன விதிகள், பேசித் தீர்க்கலாம். பெரிய விதி சாதி. 'யாராய் இருந்தாலும் தமிழ்ப் பெடியன் என்றால் சரி' என்று சொல்லும் வீட்டில்கூட, பெயர் தெரிந்ததும் ஊரில் எந்தப் பகுதி என்று விசாரிக்கிறார்கள். கடல் தாண்டியும் கூடவே வந்த அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் கீழ்ப்படியக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இன்னொன்று அம்மாக்களைப் பற்றியது. பிள்ளையைத் தனியே சினிமாவுக்கு விட அஞ்சும் இந்த அம்மாக்களில் பலர், இருபது வயதில் ஏஜென்சிக்காரனை நம்பி, வேறொருத்தியின் பாஸ்போட்டில், மொழி தெரியாத விமான நிலையங்களைத் தனியே கடந்து வந்தவர்கள். புகைப்படத்திலும் தொலைபேசியிலும் மட்டும் அறிந்த ஒருவனைக் கட்ட வந்தவர்களும் உண்டு. அவர்கள் மீறிய எல்லைகளுக்கு முன் வாட்பேட் நாயகிகள் எம்மாத்திரம்! அந்தக் கதையை ஏனோ மகள்களிடம் சொல்வதில்லை. பயணத்தில் பட்ட பயமும் அவமானமும் வாயைக் கட்டிவிட்டன என்று நினைக்கிறேன். சொன்னால், தன் அம்மாவும் ஒரு காலத்தில் துணிந்த பெட்டைதான் என்று மகளுக்குத் தெரியும். நீர்த்தேக்கக் கரையில் யாரோடு இருந்தாள் என்பதை அம்மாவிடம் மறைக்கவும் தேவை இராது.