வைரஸா? ஃபார்மட்டுக்கு முன் ஒரு நிமிஷம்!

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பிராஜக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து வந்து, அதே பென் டிரைவை வீட்டு கம்ப்யூட்டரில் செருகியவர்களுக்கு இது புதிதல்ல. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ரிப்பேர் கடையில் கேட்டால் ஒரே பதில்: "ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி." பண்ணினால் வைரஸும் போகும், ஆறு மாச உழைப்பும் போகும். உண்மையில் இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஃபைல்களை அழிப்பதில்லை. ஒளித்து வைக்கிறது, அவ்வளவுதான். கையாலேயே மீட்கலாம்.

வைரஸ் என்பது ஒரு புரோகிராம். ஓடினால்தான் அதற்கு உயிர். டிஸ்கில் சும்மா கிடந்தால் வெறும் ஃபைல். அதனால் முதலில் நிறுத்தணும், பிறகுதான் அழிக்கணும். ஓடும்போதே அழித்தால் மறுபடி எழுதிக்கொள்ளும்.

இதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. 1990-ல் இந்தியாவில் தென்பட்ட 'ஜோஷி' வைரஸ், பிளாப்பியின் பூட் செக்டரிலும் ஹார்டு டிஸ்கின் பார்ட்டிஷன் செக்டரிலும் குடியேறியது. ஜனவரி 5 அன்று 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் செய்யச் சொல்லும். செய்தால்தான் வேலை நடக்கும்! மெமரியில் அது இருக்கும்போது பூட் செக்டரைப் பார்த்தால், பழைய நல்ல செக்டரையே காட்டி ஏமாற்றும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினாலும் போகாது. பவரையே அணைத்து, ரைட் புரொடெக்ட் செய்த சுத்தமான பிளாப்பியில் பூட் செய்த பிறகே அதை எடுக்க முடிந்தது.

இன்று அந்த பிளாப்பியின் இடத்தில் நமக்கு இருப்பது சேஃப் மோட்.

1. பென் டிரைவையும் நெட்டையும் கழற்றுங்கள்.

2. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்துங்கள். தானாகத் தொடங்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் இதில் ஓடாது.

3. ஸ்டார்ட்டப் ஃபோல்டரையும், ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசர், லோக்கல் மெஷின் இரண்டிலும் உள்ள 'ரன்' கீயையும் பாருங்கள். வி.பி.எஸ். என்று முடியும் அறியாத ஃபைல் இருந்தால், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த வரியையும் ஃபைலையும் நீக்குங்கள். என்னவென்று தெரியாத மற்ற வரிகளைத் தொடாதீர்கள்.

4. இப்போது பென் டிரைவைச் செருகுங்கள். எதையும் கிளிக் செய்யாமல் கமாண்ட் பிராம்ப்டில் அந்த டிரைவுக்குப் போய், 'அட்ரிப்' கட்டளையை மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி, ஸ்டார் டாட் ஸ்டார் என்று இடைவெளி விட்டு அடியுங்கள். ஒளிந்திருந்த ஃபோல்டர்கள் வெளியே வரும். போலி ஷார்ட்கட்டுகளையும் ஸ்கிரிப்ட் ஃபைலையும் அழியுங்கள்.

எல்லா வைரஸுக்கும் இது மருந்தல்ல. இ.எக்ஸ்.இ. ஃபைல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் 'சாலிட்டி' போன்றவற்றைக் கையால் பிரிக்க முடியாது. அங்கே டாக்குமென்ட்டுகளை மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபார்மட் செய்வதே சரி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், வேறிடத்தில் உள்ள காப்பிதான் காப்பாற்றும்.

ஆகவே ரிப்போர்ட்டுக்கு எப்போதும் இரண்டு காப்பி வையுங்கள். கடைக்குப் போகும் பென் டிரைவில் பிரிண்ட்டுக்கான ஃபைல் மட்டும் இருக்கட்டும். ஃபார்மட் என்பது கடைசி வழி. முதல் வழி அல்ல!