போகித் தீயில் பழைய லெதர் ஷூ... 'தோல்தானே' என்று போடலாமா?

போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கக் கூடாது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பிய்ந்துபோன லெதர் ஷூ? 'அது மாட்டுத்தோல்தானே, இயற்கைப் பொருள்' என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

மாட்டுத்தோல்தான். ஆனால், பச்சைத் தோல் சில நாள்களில் அழுகிவிடும். அதைத் தடுப்பதுதான் பதனிடுதலின் வேலையே. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார்கள். இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில்தான் பதனிடப்படுகிறது. ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் நீல நிறத்தில் அடுக்கிக் கிடக்கும் 'வெட் ப்ளூ' தோல் இதுதான். குரோமியம், தோலின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடுகிறது. பாக்டீரியாவால் அதைச் சுலபமாகத் தின்ன முடியாது. அதனால் மண்ணில் புதைத்தாலும் ஷூ லேசில் மக்காது.

அப்படியென்றால் காலில் போட்டிருப்பது விஷமா? பதறவேண்டாம். பதனிட்ட தோலில் இருப்பது குரோமியம்-3, ஆபத்து குறைவு. சிக்கல் தீ வைக்கும்போதுதான். தோல் எரியும், குரோமியம் எரியாது. அது ஓர் உலோகம், சாம்பலிலேயே தங்கிவிடும். சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறுகிறது. இது தண்ணீரில் கரையும். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது.

உடம்பில் படும் தோல் பொருளில், ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் குரோமியம்-6 இருந்தாலே ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விற்க விடுவதில்லை. ஆம்பூரிலிருந்து அங்கே போகும் ஷூவுக்கும் இதே விதிதான். நம் தெருமுனைச் சாம்பலை யார் சோதிக்கிறார்கள்?

குரோமியம்-6 நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் பார்க்கலாம். 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அதன் நஞ்சு நிலத்தடி நீர் வரை இறங்கிவிட்டது.

அதனால் ஷூ கிழிந்தால் முதலில் தைக்கக் கொடுங்கள், சோல் மாற்றுங்கள். இனி தேறவே தேறாது என்றால் உலர் கழிவில் போடுங்கள், உரத்தொட்டியில் வேண்டாம். யாராவது எரித்துவிட்டால் அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடாதீர்கள். 'வீகன் லெதர்' என்று வாங்கியதா? அதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான், அதையும் எரிக்கக் கூடாது.