குசினிச் சுவரில் பத்துக் கோடு

நெடுந்தீவுக்குப் பெருநிலத்து மின்கம்பி வரவில்லை. நெடுங்காலமாகவே டீசல் ஜெனரேற்றர்தான். ஒன்றை நிறுத்தி மற்றதை ஏற்றும்போது வீட்டு பல்ப் ஒருதரம் மங்கிவிட்டுச் சமாளித்துக்கொள்ளும். உவர்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் பம்பு மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டியான ட்ரைவ் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ட்ரிப் ஆகி நின்றுவிடும். குறிகட்டுவானில் போட் ஏறி டெக்னீஷியன் வந்து சேரும்வரைக்கும், நடந்ததற்கு ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் குறிப்பு.

அந்தக் குறிப்பு விழும் விதத்தைக் குசினியில் வைத்துப் பார்க்கலாம். அடுப்பில் கூழ்ப் பானை. பொங்கி வழிந்தால் சமைக்கிறவர் முதலில் விறகை இழுப்பார், பிறகுதான் மற்றதெல்லாம். ட்ரைவும் கரண்ட், வோல்ட்டேஜ், சூடு மூன்றிலும் கண்வைத்தபடியே இருக்கும்; எல்லை மீறினால் மோட்டருக்குப் போவதை வெட்டும். வெட்டிய கையோடு கரித்துண்டை எடுத்துச் சுவரில் கீறும்: என்ன பிழை, அதுவரை ஓடிய மணித்தியாலம் எத்தனை; பலவற்றில், அப்போது எத்தனை ஹேர்ட்ஸ் வேகம், எவ்வளவு கரண்ட், உள்ளே டீசி வோல்ட்டேஜ் என்ன என்பதும்.

மின்சாரமே போய்விட்டால்? 400 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரம் ட்ரைவுக்குள் ஏறத்தாழ 560 வோல்ட் டீசியாகிக் கப்பாசிற்றர்களில் நிற்கிறது. விறகு தீர்ந்தும் தணல் கிடக்குமே, அந்த வெளிச்சத்தில் கோட்டைக் கீறி முடித்துவிடும். எழுதுவது மின் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில்.

சுவர்தான் சின்னது. யஸ்காவா, டான்ஃபொஸ் நிறுவனங்களின் ட்ரைவ்கள் பலவற்றில் பத்துக் கோடு, டெல்டா சிலவற்றில் ஆறு. பதினோராவது வந்தால் ஆகப் பழையது போய்விடும். தானாகவே திரும்ப ஓடும்படி செட் பண்ணியிருந்தால், ஒரே இரவில் ஒரே பிழை பத்துத் தரம் விழுந்து, முதன்முதலில் நடந்ததைத் துடைத்துவிடலாம். நமக்கு வேண்டியதோ அந்த முதல் கோடு. ரீசெட் பட்டனைக் குற்றம் சொல்வது வீண்: அது பானையைத் திரும்ப அடுப்பில் ஏற்றுமே தவிரக் கோட்டைத் தொடாது.

பிழையின் பெயரை மட்டும் வாசிப்பவர் ஏமாறுவார். ‘ஓவர்கரண்ட்’ 2 ஹேர்ட்ஸில் விழுந்திருந்தால் பம்ப் தொடக்கத்திலேயே இறுகியிருக்கிறதா, உப்புக்காற்றில் கேபிள் மூட்டு கெட்டதா என்று பார்க்கவேண்டும். 48 ஹேர்ட்ஸில் என்றால் ஓடிக்கொண்டிருந்தபோது ஏதோ சிக்கியிருக்கலாம். ‘வோல்ட்டேஜ் குறைவு’ என்று விழுந்து, கரண்ட் வழமைபோல இருந்தால், மோட்டரைக் கழற்றவே வேண்டாம். ஜெனரேற்றர் பக்கம் போங்கள்.

ஆனால் எந்த நேரத்து ஜெனரேற்றர் மாற்றம்? பல ட்ரைவ்களுக்கு நாள், கிழமை தெரியாது, ஓடிய மணித்தியாலம்தான் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கவேண்டும். நாள்தோறும் காலையில் அந்த எண்ணைத் திகதியோடு எழுதி வைத்தால், ஜெனரேற்றர் மாற்றிய நேரத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு சாதாரணக் கொப்பி ஒரு போட் பயணத்தை மிச்சம் பிடிக்கும்.

2024 மார்ச் 1இல், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அப்படிப்பட்ட திட்டங்களின் இன்வேர்ட்டர்களுக்கும் இதே கரித்துண்டுப் பழக்கம் உண்டு. பொருத்துகிற அன்றே எத்தனை கோட்டுக்கு இடம் என்று மனுவலில் பார்த்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.