நுண்ணூசிச் சிகிச்சை: எதற்கு உதவும், எதற்கு உதவாது?
முகப்பரு ஆறியபின் தங்கும் குழித்தழும்புகளுக்கு நுண்ணூசிச் சிகிச்சையை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவியபின், 0.5 முதல் 2.5 மி.மீ. வரை ஆழம் செல்லும் மெல்லிய ஊசிகளால் தோலில் நுண்துளைகள் இடுகிறோம். அவை ஆறும்போது கொலாஜன் என்னும் புரதம் புதிதாக உருவாகிப் பள்ளம் மெல்லக் குறைகிறது. இதற்குப் பல அமர்வுகளும் மாதக்கணக்கில் பொறுமையும் தேவை.

நெடுநாள் வெயிலால் தோன்றி, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய செதில் திட்டுகளுக்கு அளிக்கும் ஒளிச்சிகிச்சையில், பூசும் மருந்து ஆழமாக ஊடுருவ இத்துளைகள் துணைபுரிகின்றன. ஆயினும், ஊசி மட்டும் தோல் புற்றைக் குணப்படுத்தாது.

ஆறாத புண்ணோ, வளரும் அல்லது நிறம் மாறும் மச்சமோ இருந்தால், அதன்மேல் ஊசியுருளையை ஓட்ட எவரையும் அனுமதியாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையெனில் திசுப் பரிசோதனை செய்து, அதன் பின்னரே சிகிச்சையைத் தீர்மானிப்போம்.