நியூமோனியாவைத் தொடரும் இரண்டாம் தொற்று

கொவிட் காலத்தில் எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்ட பேச்சு இது: "காய்ச்சல் குறைஞ்சுதான் வந்த, பிறகு திடீரெண்டு கடுமையாகிட்டு." இது ஏன் என்பது, உயிரியல் பாடத்தில் சுவாசத்தொகுதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நமது சுவாசக் குழாயின் உட்சுவரில் சீதமும் நுண்ணிய பிசிர்களும் உள்ளன. சீதம் கிருமிகளைப் பிடிக்க, பிசிர்கள் அவற்றை மேலே தள்ளுகின்றன. இன்புளுவென்சா போன்ற வைரசுகள் இந்தப் பிசிர்க் கலங்களையே அழிக்கின்றன. அப்போது மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி இருந்த பக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதுவே இரண்டாம் நிலைத் தொற்று. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவில் இறந்தோருள் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது இத்தகைய பக்டீரியா நியூமோனியாவே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அன்று பெனிசிலினும் இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டது 1928இல்.

இன்று மருந்து உண்டு, ஆபத்தும் உண்டு. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டை வழியே செலுத்தும் குழாய் உயிரைக் காக்கிறது. ஆனால் நோயாளியால் இருமிச் சளியை வெளியேற்ற முடிவதில்லை. குழாயோரமாகக் கிருமிகள் கீழிறங்குகின்றன. அவை குருதியில் பரவினால் சிறுநீரகம் முதலிய உறுப்புகள் செயலிழக்கலாம். அதனால்தான் தாதியர் நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கின்றனர். வாயைச் சுத்தம் செய்கின்றனர். தொடுமுன் கைகளைச் சுத்தப்படுத்துகின்றனர்.

மருந்தும் இருமுனைக் கத்திதான். டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட், சுவாசக் கருவியில் இருந்த கொவிட் நோயாளரின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்ததாகப் பிரித்தானிய ஆய்வொன்று 2020 ஜூனில் அறிவித்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் கிடைக்கவில்லை. ஸ்டீரொயிட் குருதியில் சீனியைக் கூட்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும். 2021இல் இந்தியாவில் 45,000க்கும் மேற்பட்டோரைக் கறுப்புப் பூஞ்சை நோய் தாக்கியது. அவர்களுள் பெரும்பாலானோர் நீரிழிவு உள்ளவர்கள். பலர் ஸ்டீரொயிட் எடுத்தவர்கள்.

நமது வீடுகளிலும் உம்மம்மாவுக்கோ வாப்பாவுக்கோ சீனி வருத்தம் இருக்கிறது. ஆகவே பெற்றோரிடமும் தோழியரிடமும் நான் கேட்பது மூன்று. வைத்தியர் எழுதித் தராமல் பார்மசியில் அன்டிபயோட்டிக்கோ ஸ்டீரொயிட்டோ வாங்காதீர்கள். குறைந்த காய்ச்சல் திரும்பி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது நமது நல்ல வழக்கம். ஆயினும் கடும் நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக நிற்காதீர்கள். வெளியில் நின்று துஆ செய்வதும் அவருக்குச் செய்யும் உதவியே.